மழைநீர்த் தேக்கக் குட்டை: எவ்வளவு பெரிதாக வெட்டுவது?

புல்லும் புதருமாகக் கிடந்த நிலத்தில் கூரையும் தார்ச்சாலையும் வண்டி நிறுத்துமிடமும் வந்த பிறகும், பெய்வது அதே மழைதான். மாறிப்போனது தரை. முன்பு பாதிக்கு மேல் மண்ணே குடித்துவிடும். மிச்சம் புல்லுக்குள் புகுந்து, பள்ளம் மேட்டில் தேங்கி, ஆற அமரத்தான் ஓடைக்குப் போய்ச் சேரும். இப்போது கூரையில் விழுந்தது குழாய் வழியாகவும் சாலையில் விழுந்தது வடிகால் வழியாகவும் விழுந்த கையோடு ஓடைக்கு வந்துவிடுகிறது. தண்ணீரும் அதிகம், வேகமும் அதிகம். ஓடை மட்டும் பழைய ஓடை. அதனால்தான் புதுக் கட்டடங்கள் மேட்டில் எழுந்தால், பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது.

இதற்குச் செய்யும் ஏற்பாடுகளில் ஒன்று தேக்கக் குட்டை. பொறியாளர்கள் டிடென்ஷன் பாண்ட் என்பார்கள். மழை கொட்டும்போது நிரம்பி, அடியில் உள்ள ஒரு சிறு மதகு வழியாக மெல்ல வடிந்து, சில மணி நேரத்தில் மறுபடி காலியாகிவிடும். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் குளம் வேறு, இது வேறு. அடுத்த மழைக்கு இடம் விட்டுக் காலியாகக் கிடப்பதுதான் இதன் வேலை.

குட்டையின் அளவைக் கேட்டதும் பலரும் போடும் முதல் கணக்கு: இத்தனை மில்லிமீட்டர் மழை, இத்தனை ஹெக்டேர் நிலம், பெருக்கினால் இத்தனை கன மீட்டர், அவ்வளவையும் பிடிக்கும் குழி. அப்படி வெட்டினால் தேவைக்கு மேல் மண்ணை அள்ளுவோம். குட்டை நிரம்பிக்கொண்டிருக்கும்போதே மதகு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டும் இருக்கிறது. ஆகவே இது வரவு செலவுக் கணக்கு. உள்ளே வருவது வரவு, மதகு வழி போவது செலவு, குட்டையில் நிற்பது இருப்பு. மழை தொடங்கியதிலிருந்து முடியும்வரை அந்த இருப்பு எந்த நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறதோ, அந்த உச்சம்தான் நமக்கு வேண்டிய கொள்ளளவு.

முதலில் செலவை முடிவு செய்வோம், அது நம் கையில் இல்லாத விஷயம் என்பதால். பெரும்பாலான இடங்களில் விதி ஒன்றுதான்: கட்டுவதற்கு முன்பு அந்த நிலத்திலிருந்து எவ்வளவு உச்ச ஓட்டம் (வினாடிக்கு அதிகபட்சமாக ஓடும் நீர்) போனதோ, கட்டிய பிறகும் அதற்கு மேல் போகக் கூடாது. சில நிர்வாகங்கள் இதையெல்லாம் கணக்குப் போடச் சொல்லாமல், ஹெக்டேருக்கு வினாடிக்கு இத்தனை லிட்டர் என்று நேரடியாக வரம்பு வைத்துவிடுகின்றன. எப்படியானாலும் வெளியே விடலாம் என்று அனுமதிக்கப்பட்ட அந்த ஒரு எண் தெரியாமல் குட்டையின் அளவைப் பேசுவதில் பொருளில்லை.

உச்ச ஓட்டத்தைக் கணிக்க, சிறு நிலங்களுக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. அயர்லாந்தில் தாமஸ் முல்வனி 1851-இல் இதன் அடிப்படையை முன்வைத்தார். அமெரிக்காவில் எமில் குய்ச்லிங் 1889-இல் நகர வடிகாலுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார். ரேஷனல் முறை என்று பெயர். இத்தனை பழசாகியும் இன்றுவரை கைவிடப்படாததற்குக் காரணம் அதன் எளிமை:

ஓட்டம் = கெழு × மழைச் செறிவு × பரப்பு ÷ 360

செறிவு மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்றும், பரப்பு ஹெக்டேரிலும் இருந்தால், ஓட்டம் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். அந்த 360 எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்களுக்கு: 1 ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 10 கன மீட்டர் தண்ணீர். மணிக்கு 3600 வினாடி. 3600-ஐ 10-ஆல் வகுத்தால் 360. அவ்வளவுதான், அதில் மர்மம் ஏதுமில்லை.

கெழு என்பது விழுந்த மழையில் ஓடும் பங்கு. கூரை, தார், கான்கிரீட் போன்றவற்றுக்கு ஏறக்குறைய 0.9. புல்வெளிக்கு மண்ணையும் சரிவையும் பொறுத்து 0.1 முதல் 0.35 வரை. களிமண் சரிவு என்றால் மேல் எண், மணல் சமவெளி என்றால் கீழ் எண். கணக்கு முழுவதிலும் கொஞ்சம் கைச்சரக்கு கலக்கும் இடம் இதுதான். சாதகமான கெழுவை எடுத்துக்கொண்டு குட்டையைச் சிறிதாக்கிக் காட்டுவது மிக எளிது. ஒரு வடிவமைப்பைச் சரிபார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான் என்பது என் கருத்து.

அடுத்து மழைச் செறிவு. பத்து நிமிட மழை ஆவேசமாகப் பெய்யும். இரண்டு மணி நேர மழை சராசரியில் அத்தனை வேகம் இருக்காது. எத்தனை நிமிட மழை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருவது, அதன் செறிவு எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லும் வளைவுகளை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வானிலைத் துறையோ நீர்வளத் துறையோ தயாரித்து வைத்திருக்கும். ஐடிஎஃப் வளைவு என்பார்கள். அந்தந்த இடத்து வளைவைத்தான் எடுக்க வேண்டும்; பக்கத்து மாவட்டத்து வளைவுகூடப் பொருந்தாமல் போகலாம்.

'பத்தாண்டு மழை' என்றால் பத்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும், வந்துவிட்டால் அடுத்த பத்து வருடம் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் அது வர 10 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள். பத்து ஆண்டுகளில் ஒருமுறையாவது வர வாய்ப்பு சுமார் 65 சதவீதம். அடுத்தடுத்த இரண்டு வருடங்களிலும் அது வந்து நிற்கலாம்.

இன்னும் ஒன்று பாக்கி: நிலத்தின் கடைக்கோடியில் விழுந்த துளி வெளியேறும் வாய்க்கு வந்து சேர எடுக்கும் நேரம். இதைத் திரள்நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம்வரை மழை நீடித்தால்தான் நிலம் முழுவதிலிருந்தும் ஒரே சமயத்தில் தண்ணீர் வந்து சேரும். அதனால் உச்ச ஓட்டத்துக்குத் திரள்நேரத்துக்குச் சமமான மழையை எடுப்பார்கள். ஓடும் தூரத்தையும் சரிவையும் வைத்து இதைக் கணிக்கப் பல வாய்பாடுகள் உண்டு. 1940-இல் கிர்பிச் தந்தது அவற்றில் பரவலாகப் பயன்படுவது. அது சிறு விவசாய நிலங்களின் அளவீடுகளிலிருந்து பிறந்தது. கான்கிரீட் பரப்புக்கு அப்படியே போட்டால் நேரம் கூடுதலாகக் காட்டும்.

இனி ஓர் உதாரணம். எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

நிலம் 2 ஹெக்டேர். கட்டும் முன் முழுக்கப் புல்வெளி, கெழு 0.3, திரள்நேரம் 30 நிமிடம். கட்டிய பின் 1.5 ஹெக்டேர் கூரையும் சாலையும் (கெழு 0.9), மீதி அரை ஹெக்டேர் புல் (கெழு 0.3). பரப்பையும் கெழுவையும் பெருக்கிக் கூட்டினால் 1.35 + 0.15 = 1.5. அதை 2-ஆல் வகுத்தால் சராசரிக் கெழு 0.75. திரள்நேரம் 10 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. பத்தாண்டு மழைக்கு நம் வளைவு இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 10 நிமிடத்துக்கு மணிக்கு 150 மி.மீ., 20 நிமிடத்துக்கு 108, 30 நிமிடத்துக்கு 85, 45 நிமிடத்துக்கு 66, 60 நிமிடத்துக்கு 54, 90 நிமிடத்துக்கு 40.

முன்பு: 0.3 × 85 × 2 ÷ 360 = வினாடிக்கு 0.142 கன மீட்டர், அதாவது 142 லிட்டர்.

பின்பு: 0.75 × 150 × 2 ÷ 360 = வினாடிக்கு 0.625 கன மீட்டர், 625 லிட்டர்.

நாலு மடங்குக்கும் மேல். கெழு இரண்டரை மடங்குதான் கூடியது. மீதி ஏற்றம் திரள்நேரம் சுருங்கியதால் வந்தது. தண்ணீர் கூடியதைப் பேசும் அளவுக்கு அது சீக்கிரம் வந்து சேர்வதை யாரும் பேசுவதில்லை.

இப்போது வரம்பு 142. வரவு உச்சம் 625. பத்து நிமிட மழை கொண்டுவரும் மொத்தத் தண்ணீர் 0.625 × 600 = 375 கன மீட்டர். அந்த நேரத்துக்குள் மதகு வழி போவது சுமார் 85. மிச்சம் 290 கன மீட்டர். குட்டை 290 கன மீட்டர் என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாமா?

கூடாது. இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். குழாயின் விட்டத்தைத் தீர்மானிப்பது உச்ச ஓட்டம். அதற்குப் பத்து நிமிட ஆவேச மழைதான் சோதனை. குட்டையை நிரப்புவதோ மொத்தத் தண்ணீர். செறிவு குறைந்தாலும் நீண்டு பெய்யும் மழை அதிகத் தண்ணீரைக் கொண்டுவரும். ஆனால் மிக நீண்டு பெய்தால் மதகுக்கும் வெளியேற்ற நேரம் கிடைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு மழைதான் குட்டையை அதிகம் நிரப்பும். அது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தேட வேண்டும்.

தேடுவதற்கான சூத்திரம்:

கொள்ளளவு = வரும் ஓட்டம் × மழை நேரம் − வரம்பு ஓட்டம் × (மழை நேரம் + திரள்நேரம்) ÷ 2

முதல் பகுதி மொத்த வரவு. இரண்டாம் பகுதி செலவு: வெளியேறும் ஓட்டம் சுழியத்தில் தொடங்கி, தண்ணீர் வந்து முடியும்வரை சீராக ஏறி வரம்பைத் தொடுகிறது என்று எளிமைப்படுத்தியிருக்கிறார்கள். நேரத்தை வினாடியில் போட வேண்டும். இதை மாற்றியமைத்த ரேஷனல் முறை என்பார்கள். நம் நிலத்துக்கு, கட்டிய பின்னுள்ள 10 நிமிடத் திரள்நேரத்தோடு:

10 நிமிடம்: வரவு 375, செலவு 85, மிச்சம் 290 கன மீட்டர்
20 நிமிடம்: வரவு 540, செலவு 128, மிச்சம் 412
30 நிமிடம்: வரவு 638, செலவு 170, மிச்சம் 468
45 நிமிடம்: வரவு 743, செலவு 234, மிச்சம் 509
60 நிமிடம்: வரவு 810, செலவு 298, மிச்சம் 512
90 நிமிடம்: வரவு 900, செலவு 425, மிச்சம் 475

ஏறி, ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் தட்டையாகி, இறங்குகிறது. தேவை சுமார் 512 கன மீட்டர். பத்து நிமிட மழையோடு நிறுத்தியிருந்தால் 290-இல் நின்றிருப்போம்; கிட்டத்தட்ட பாதிக் குட்டைதான் கிடைத்திருக்கும். அதே சமயம், ஒரு மணி நேர மழையில் வந்த 810-ஐயும் முழுசாகப் பிடிக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள்.

வண்டல் படியும், கெழு ஊகம்தான், குட்டையின் மேலேயே விழும் மழை அத்தனையும் வரவுதான். இவற்றுக்காக நான் 20 சதவீதம் கூட்டிக்கொள்வேன்: 615 கன மீட்டர். உங்கள் ஊர் விதி வேறு எண் சொன்னால் அதுவே சரி.

கன மீட்டர் கிடைத்துவிட்டது. அது தரையில் எவ்வளவு இடம் பிடிக்கும்? தண்ணீர் ஆழம் 1.2 மீட்டர் என்று முடிவு செய்தால், 615-ஐ 1.2-ஆல் வகுத்து 512 சதுர மீட்டர் என்று வரைபடத்தில் ஒரு பெட்டி போட்டுவிடத் தோன்றும். ஆனால் மண் செங்குத்தாக நிற்காது. கரை 1 மீட்டர் உயர 3 மீட்டர் சரிய வேண்டும் என்று வைத்தால்தான் புல் பிடிக்கும், தவறி உள்ளே விழுந்தவரும் ஏறி வர முடியும். அடித்தளம் 25 × 15 மீட்டர் என்று எடுப்போம். 1.2 மீட்டர் உயரத்தில் அது பக்கத்துக்கு 3.6 மீட்டர் விரிந்து 32.2 × 22.2 ஆகிறது. நடு உயரத்தில் 28.6 × 18.6.

இப்படிச் சரிந்த குழிக்குக் கொள்ளளவு = ஆழம் ÷ 6 × (அடிப் பரப்பு + 4 × நடுப் பரப்பு + மேல் பரப்பு). 375, 532, 715 என்று போட்டால் சுமார் 643 கன மீட்டர். 615-க்குப் போதும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் கரை இன்னும் அரை மீட்டர் உயர வேண்டும். அதற்கு மேல் சுற்றிலும் 3 மீட்டர் நடைவழி, இல்லாவிட்டால் புல் வெட்டவோ வண்டல் வாரவோ வண்டி போகாது. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 41 × 31 மீட்டர், 1,285 சதுர மீட்டர். 512 என்று நினைத்த இடம் இரண்டரை மடங்காகிவிட்டது. மனை வரைபடம் முடிந்த பிறகு குட்டைக்கு மூலை தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த வித்தியாசத்தில்தான்.

ஆழத்தைக் கூட்டி இடத்தை மிச்சம் பிடிக்கலாமே என்றால், இரண்டு தடைகள். அடித்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் குட்டை ஊற்றிலேயே பாதி நிரம்பி நிற்கும். அந்தப் பாதி கணக்கில் சேராது. அடுத்து, வெளியே தண்ணீர் விழும் ஓடையின் மட்டம். அதைவிடக் கீழே அடித்தளம் இருந்தால் தண்ணீர் தானாக வடியாது, பம்ப் வைக்க வேண்டும். மழை நாளில் மின்சாரத்தை நம்பி ஒரு வெள்ளத் தடுப்பு ஏற்பாட்டை நிறுத்துவது எனக்கு உவப்பில்லை.

இனி மதகு. வட்டத் துளை வழி போகும் ஓட்டம் = 0.6 × துளைப் பரப்பு × √(2 × 9.81 × துளை மையத்துக்கு மேலுள்ள நீர் உயரம்). 250 மில்லிமீட்டர் துளையைக் குட்டையின் அடியோடு ஒட்டி வைத்தால், குட்டை நிரம்பும்போது மையத்துக்கு மேல் 1.075 மீட்டர் தண்ணீர். ஓட்டம் வினாடிக்கு சுமார் 135 லிட்டர். வரம்பான 142-க்குள் அடங்குகிறது. 300 போட்டால் 190-ஐத் தாண்டிவிடும். ஐந்து சென்டிமீட்டரில் விதி மீறப்படுகிறது. துளையைத் தகட்டில் வெட்டிப் பொருத்தும்போது அளவு நாடாவைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இதுவரை போட்டது மதிப்பீடு. சரியா என்று பார்க்க, வரவு செலவை நிமிடக் கணக்கில் நடத்த வேண்டும். பெயர் பெரிதாக, ரூட்டிங் என்று இருந்தாலும், நடப்பது எளிய கணக்குதான். ஒரு மணி நேர மழையில் ஒரு வரியை மட்டும் காட்டுகிறேன்.

20-ஆவது நிமிடத்தில் குட்டையில் இருப்பு 170 கன மீட்டர், ஆழம் 0.40 மீட்டர், மதகு விடுவது வினாடிக்கு 68 லிட்டர். ஒரு மணி நேர மழைக்கு வரும் ஓட்டம் 0.75 × 54 × 2 ÷ 360 = 0.225. எனவே அடுத்த பத்து நிமிடத்தில் வரவு 0.225 × 600 = 135. இதே காலத்தில் தண்ணீர் ஏறி மதகு 87 லிட்டர் விடத் தொடங்கும் என்று ஊகிப்போம். சராசரி 78, அப்படியானால் செலவு 47. புது இருப்பு 170 + 135 − 47 = 258. அந்த இருப்புக்கு ஆழம் 0.575 மீட்டர், அந்த ஆழத்தில் மதகு விடுவது 87 தானா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். எக்செல் தாளில் அரை மணி நேர வேலை.

இப்படியே நடத்திப் பார்த்தால் இருப்பு 490 கன மீட்டர் அளவில் உச்சம் தொடுகிறது. மதிப்பீடு 512 சொன்னது. மதகு உண்மையில் தொடக்கத்திலேயே வேகமாக விட ஆரம்பித்துவிடுவதால் வந்த சிறு வித்தியாசம் அது. ஆனால் இதை வைத்து 20 சதவீதத்தைக் குறைத்துவிடாதீர்கள். மழை ஒரு மணி நேரமும் சீராகப் பெய்யும் என்று எடுத்துக்கொண்டோம். எந்த மழையும் அப்படிப் பெய்வதில்லை. நாற்பது நிமிடம் தூறிக் குட்டையைப் பாதி நிரப்பிவிட்டு, கடைசி இருபது நிமிடம் கொட்டினால் இருப்பு 490-ஐத் தாண்டும். அதனால்தான் பெரிய வேலைகளில் உச்சம் நடுவிலோ பின்பகுதியிலோ வரும் மழை வடிவங்களையும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ரேஷனல் முறை சில ஹெக்டேர் வரைக்கும் சரி. பரப்பு பெருகப் பெருக, மழையின் செறிவு இடத்துக்கு இடம் மாறும், ஒரு பகுதித் தண்ணீர் வரும்போது இன்னொரு பகுதி வடிந்திருக்கும். அப்போது மண் வகையையும் நிலப் பயன்பாட்டையும் வைத்து ஒரு நாள் மழையில் எத்தனை மில்லிமீட்டர் ஓடும் என்று சொல்லும் கர்வ் நம்பர் முறைக்கும் மென்பொருளுக்கும் போவதே சரி.

ஒரே துளை வைத்த மதகில் ஒரு குறை உண்டு. பத்தாண்டு மழைக்கு அளவெடுத்த 250 மி.மீ. துளையில் வருடத்துக்குப் பலமுறை வரும் சிறு மழைகள் பெரிய தடையின்றிப் போய்விடும். ஓடைக் கரையை அரிப்பதில் அந்தச் சிறு மழைகளுக்கும் பங்குண்டு. ஆகவே கீழே சின்னத் துளை, மேலே சற்றுப் பெரிய துளை என இரண்டு மட்டத்தில் வைப்பார்கள். துளை சிறிதாகச் சிறிதாகச் சருகும் பிளாஸ்டிக் பையும் அடைக்கும். முன்னால் கம்பிவலை கட்டாயம்.

வடிவமைப்பைத் தாண்டிய மழைக்குக் கலிங்கு, அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்து போகக் கரையில் விடும் தாழ்ந்த வழி, வேண்டும். எத்தனை பெரிய குட்டையானாலும் அதைவிடப் பெரிய மழை ஒன்று எப்போதாவது வரும், மதகும் அடைத்திருக்கலாம். கரை மேல் வழிந்தால் மண் கரை அறுந்து, தேங்கியது மொத்தமும் ஒரே நேரத்தில் கீழே போகும். நூறாண்டு மழையின் ஓட்டம் வினாடிக்கு 1 கன மீட்டர் என்று வைத்தால், கலிங்கு சூத்திரம் 1.7 × நீளம் × உயரம்^1.5. வழியும் தண்ணீர் உயரம் 0.2 மீட்டருக்குள் இருக்க நீளம் 6.6 மீட்டர் தேவை. நாம் விட்ட அரை மீட்டர்க் கரையில் அது போக 0.3 மீட்டர் மிஞ்சும். கலிங்கை நிரப்பிய மண் மேல் வைக்காமல் வெட்டாத தரையில் வைத்து, கல் பதிக்க வேண்டும்.

அடுத்தடுத்து மழை வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். நம் குட்டை நிரம்பிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். மாலை மழைக்கும் இரவு மழைக்கும் இடையில் அது தயாராகிவிடும். வரம்பு மிகக் குறைவாக, ஹெக்டேருக்கு வினாடிக்கு நாலைந்து லிட்டர் என்று இருந்தால் கதை வேறு. வடிய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம், குட்டையை அதிகம் நிரப்பும் மழையும் ஒரு மணி நேரத்திலிருந்து பல மணி நேரத்துக்கு நகர்ந்துவிடும். வரம்பு இறுகும்போது அந்தப் பட்டியலை 90 நிமிடத்தோடு நிறுத்தாமல், மிச்சம் இறங்கத் தொடங்கும்வரை நீட்டிப் பார்க்க வேண்டும்.